கின்சா நிலவறையில் கண்ட ஜப்பான்

டோக்கியோ நகரின் கின்சாப் பகுதியில், பெரிய அங்காடிகளின் கண்ணாடிச் சாளரங்களும் விளம்பர விளக்குகளும் கண்ணைப் பறிக்கும் வீதிகளினின்று சற்றே விலகி, படிகளில் இறங்கிச் செல்லவேண்டிய ஒரு நிலவறையில், நமிகிசா என்னும் சின்னஞ்சிறு திரையரங்கு இருந்தது. 1953-ஆம் ஆண்டில் தொடங்கி 1998 வரை நடைபெற்ற அந்த அரங்கு, அந்நாட்டுப் பழைய படங்களையே மாற்றி மாற்றித் திரையிடுவதைத் தன் விரதமாகக் கொண்டிருந்தது. அறுபதுகளின் பிற்பகுதியில், இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சி பெறும் பொருட்டு அந்நகரில் தங்கியிருந்த எனக்கு, ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த நிலவறைதான். தொழிற்சாலையில் மனிதர்கள் சீருடைக்குள்ளும், ரயிலில் மௌனத்துக்குள்ளும், விருந்துகளில் உபசாரத்துக்குள்ளும் மறைந்து நின்றார்கள். அவர்கள் வீட்டுக் கதவு சாத்தப்பட்ட பிறகு என்ன பேசுகிறார்கள், எதற்கு அழுகிறார்கள், எதை ஒருவருக்கொருவர் மன்னிக்க மறுக்கிறார்கள் என்பவற்றையெல்லாம் எனக்குக் காட்டியது அந்த வெள்ளைத் திரையே.

எங்கள் தலைமுறைத் தமிழருக்கு ஜப்பான் என்ற பெயர் முதன்முதலில் யுத்தத்தின் பெயராகவே அறிமுகமாயிற்று. படையெடுப்புக்கு அஞ்சி 1942-இல் சென்னை நகரத்தார் ஊரைக் காலி செய்துகொண்டு புறப்பட்டதையும், அடுத்த ஆண்டு அக்டோபரில் ஜப்பானிய விமானம் வந்து குண்டு போட்டதையும் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் குண்டுவீச்சையே பின்னணியாகக் கொண்டு, எஸ். பாலசந்தர் இயக்கத்தில் 1954-இல் ஏ.வி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட ‘அந்த நாள்’, பாட்டே இல்லாத தமிழ்ப் படம் என்று இன்றும் போற்றப்படுகிறது. ஒரு கொலையைப் பற்றிப் பலர் பலவிதமாகச் சொல்லும் அதன் கதைப்போக்கு, அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ தந்த தூண்டுதலால் அமைந்தது என்பதைப் பிற்பாடு அறிந்தபோது நான் பெரிதும் வியந்தேன். ஜப்பானுக்கு ரகசியங்களை விற்கும் ஒரு துரோகியின் கதையைச் சொல்வதற்கு ஜப்பானியக் கலைஞர் ஒருவரிடமிருந்தே வழி கற்றுக்கொள்ளத் துணிந்த அந்த விசாலமான மனப்பான்மையை இப்போது நினைத்தாலும் மரியாதை உண்டாகிறது.

நமிகிசாவுக்கு நான் செல்லத் தொடங்கிய காலத்தில், இயந்திரங்களின் உறுப்புகளைப் பற்றிப் பேசுமளவுக்கே ஜப்பானிய மொழி எனக்கு வசப்பட்டிருந்தது. வெளிநாட்டாருக்கான எழுத்துகள் ஏதும் அங்கே திரையின் அடியில் ஓடுவதில்லை. ஆகவே காது கைவிட்ட இடத்திலெல்லாம் கண் இருமடங்கு உழைக்கவேண்டியதாயிற்று; அது எனக்குப் பெரும் பாக்கியமாகவே அமைந்தது. வீட்டுக்குள் நுழைபவர் கழற்றிய பாதரட்சைகளை வாசலை நோக்கித் திருப்பி வைப்பதையும், அறைக்கதவைத் தள்ளித் திறக்கும் பெண் முதலில் மண்டியிட்டு அமர்வதையும், சித்திரச் சுருளும் பூவும் வைக்கும் மாடத்துக்கு முன்னே விருந்தாளியை அமர்த்துவதையும், சாக்கே மதுவை எவரும் தம் கிண்ணத்தில் தாமே ஊற்றிக்கொள்ளாமல் பக்கத்தில் இருப்பவருக்கு ஊற்றுவதையும் நான் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. படத்துக்குப் படம் பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டேன். யசுஜிரோ ஓசு தம் காமிராவைத் தரையை ஒட்டிய தாழ்ந்த உயரத்தில் வைத்துப் படமெடுத்தவர். பாய் விரித்த அறையில் தரையிலே அமர்ந்து உண்டு, தரையிலே படுத்து உறங்கிய பின்னர் அவர் படங்களைக் காணச் சென்றால், அந்தச் சுவர்களின் உயரமும் சாளரத்தின் வழியே தெரியும் வானத்தின் அளவும் அப்போதுதான் விட்டு வந்த அறையைப் போலவே இருக்கும்.

தொழிற்சாலையில் ஒரு சிறு கருவி வாங்கவேண்டுமானாலும் அதற்கான காகிதம் மேசைக்கு மேசை பயணம் செய்து, வட்ட வடிவமான சிவப்பு முத்திரைகளை ஒவ்வொன்றாய்ப் பெற்று வருவது வழக்கம். அந்த முத்திரை வரிசையை நான் ஒரு நிர்வாக முறையாக மட்டுமே கருதியிருந்த நாளில்தான் குரோசாவாவின் ‘இகிரு’ (1952) திரையிடப்பட்டது. நகராட்சி அலுவலகத்தில் முப்பது வருஷ காலம் ஒருநாள்கூடத் தவறாமல் வந்து முத்திரை குத்திக்கொண்டிருந்த வத்தனபே என்னும் பிரிவுத் தலைவர், வயிற்றில் புற்றுநோய் கண்டு, வாழ்நாள் சில மாதங்களே எஞ்சியிருப்பதை உணர்ந்து, சாக்கடை தேங்கிய ஒரு நிலத்தைக் குழந்தைகள் விளையாடும் பூங்காவாக மாற்றுவதற்காகப் போராடி, அது முடிந்த இரவில் பனி பெய்யும் ஊஞ்சலில் உயிர்விடுகிறார். தகாஷி ஷிமுராவின் அகன்று நிலைகுத்திய விழிகளை ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார்.

ஆயினும் அப்படத்தின் ஈடற்ற பகுதி வத்தனபேயின் மரணத்துக்குப் பிறகு வருகிறது என்பதே என் அபிப்பிராயம். கதாநாயகனைப் பாதிவழியில் இழந்துவிட்டு, எஞ்சிய நீண்ட நேரத்தை அவர் வீட்டுத் துக்க இரவிலே செலவிடுகிறார் குரோசாவா. அவருடைய புகைப்படத்தின் முன்னே சக ஊழியர்கள் பதவி வரிசைப்படி அமர்ந்திருக்கிறார்கள். பூங்கா அமைத்த பெருமை யாருக்கு என்ற பேச்சு எழுகிறது. துணை மேயர் அது வத்தனபேயின் சாதனை அன்று என்று நிலைநாட்டுகிறார். அப்போது, அந்தப் பூங்காவை வேண்டி மனுக்கொடுத்து எத்தனையோ பிரிவுகளுக்கு அலைக்கழிக்கப்பட்ட ஏழைப் பெண்கள் உள்ளே வந்து, எவரையும் பாராமல், தூபமிட்டு வாய்விட்டு அழுகிறார்கள். அதிகாரிகள் தலைகுனிகிறார்கள். துணை மேயர் விடைபெற்றுப் போன பின் மது ஏற ஏற உண்மை வெளிவருகிறது. இனி நாமும் வத்தனபேயைப் போல உழைப்போம் என்று எல்லோரும் கண்ணீருடன் சபதம் செய்கிறார்கள். மறுநாள் அலுவலகத்தில் ஒரு மனு வருகிறது. அது வேறு பிரிவுக்கு அனுப்பப்படுகிறது. தன் தேசத்து மக்களின் ஒழுங்கையும் பதவி மரியாதையையும் சடங்கையும் இவ்வளவு துல்லியமாக அறிந்த ஒருவர், அந்த அறிவு முழுவதையும் கொண்டு அவர்களையே விசாரணைக்கு நிறுத்துகிறார் என்பதை அந்த இரவில் நான் உணர்ந்தேன். அன்று முதல் ஜப்பானியப் படங்களை அந்நாட்டின் காட்சிச்சாலையாகப் பார்ப்பதை விட்டு, அந்நாடு தன்னோடு தானே நடத்தும் வாதமாகப் பார்க்கலானேன்.

சில மாதங்களில் எங்கள் பிரிவின் மூத்த மேற்பார்வையாளர் காலமானார். துக்க இரவுக்கு நானும் சென்றேன். கறுப்பும் வெள்ளையுமான இழை கட்டிய உறையில் பணம் வைத்துக் கொடுக்கவேண்டும் என்பதை நண்பர்கள் சொன்னார்கள். மற்றவற்றைத் திரை எனக்கு முன்பே கற்பித்திருந்தது. தூபப் பொடியை விரல்களால் எடுத்து நெற்றியளவுக்கு உயர்த்தித் தணலில் இட்டு, கைகூப்பி, உறவினர் பக்கம் திரும்பித் தலை வணங்கினேன். அங்கே அமர்ந்திருந்த அவருடைய மனைவி, பதிலுக்கு வணங்கி, வேலை மிகுந்த வேளையில் இவ்வளவு தூரம் வரவைத்துவிட்டதற்காக என்னிடம் பொறுத்தருளக் கேட்டார். பிறகு, லேசான புன்முறுவலுடன், இந்த ஊர்க் குளிர் எனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று விசாரித்தார். கணவரின் உடல் பக்கத்தில் கிடக்கையில் ஒரு பரதேசியின் சௌகரியத்தைக் கேட்கும் அந்தப் புன்முறுவல் அன்றிரவு முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை.

‘ராஷோமோன்’ படத்துக்கு மூலமான கதைகளை எழுதிய ர்யூனோசுகே அகுதாகவா, ‘கைக்குட்டை’ என்றொரு சிறுகதையை 1916-இல் எழுதியிருக்கிறார். மகன் இறந்த செய்தியை அவனுடைய பேராசிரியரிடம் சொல்ல வரும் தாய், நிதானமாக, முகத்தில் முறுவலுடன் பேசுகிறாள். கீழே விழுந்த விசிறியை எடுக்கக் குனிந்த பேராசிரியர், மேசைக்கு அடியில் அவள் கைகள் ஒரு கைக்குட்டையைக் கிழித்துவிடுவதைப் போல முறுக்கிக்கொண்டு நடுங்குவதைக் காண்கிறார். இதுதான் நம் பெண்களின் வீரம் என்று அவர் நெகிழ்ந்துபோகிறார். அத்துடன் முடிந்திருந்தால் அது ஒரு புகழ்ச்சிக் கதையாகியிருக்கும். ஐரோப்பிய நாடகாசிரியர் ஒருவரின் நூலைப் பிறகு புரட்டும் பேராசிரியர், முகம் சிரிக்கக் கை கைக்குட்டையைக் கிழிப்பது என்பது மேடையில் பழகிப்போன ஒரு பாவனை என்று அதில் படித்து நிலைகுலைகிறார். அடக்கம் என்பது ஆழ்ந்த உணர்ச்சியா, பயின்ற பாவனையா என்ற சந்தேகத்தை வெளியார் எவரும் எழுப்பும் முன்னே ஜப்பானியரே எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய உயர்ந்த படங்கள் எல்லாவற்றிலும் இந்தச் சந்தேகத்தை நான் கண்டிருக்கிறேன்.

ஓசுவின் ‘டோக்கியோ கதை’யை (1953) நான் தனியே பார்க்கவில்லை. நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளரான அம்மையார், யுத்தத்தில் கணவரை இழந்து, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி வெளியூர்களுக்கு அனுப்பிவிட்டு, மாடியறைகளை வாடகைக்கு விட்டு ஜீவனம் செய்துவந்தவர். நமிகிசாவில் அப்படம் போட்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னதும், தாமும் வருவதாகக் கிமோனோ அணிந்து புறப்பட்டுவிட்டார். ஒனொமிச்சி என்னும் கடற்கரை ஊரிலிருந்து, டோக்கியோவில் உள்ள பிள்ளைகளைப் பார்க்க ஒரு முதிய தம்பதி வருகிறார்கள். மூத்த மகன் மருத்துவன், மகள் சிகையலங்கார நிலையம் நடத்துபவள். இருவருக்கும் பெற்றோருக்கென்று ஒதுக்க நேரமில்லை. பணம் சேர்த்து அவர்களை அத்தாமி வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவைக்கிறார்கள். அங்கே இளைஞர்களின் கூச்சலில் முதியவர்களுக்குத் தூக்கமில்லை. யுத்தத்தில் இறந்த இரண்டாம் மகனின் மனைவி நொரிக்கோ ஒருத்திதான் அலுவலகத்தில் விடுப்பு வாங்கி அவர்களுக்கு ஊரைக் காட்டுகிறாள். ஊர் திரும்பிய சில நாளில் தாய் இறந்துபோகிறாள்.

தாய்க்கு உடல்நிலை மோசம் என்று தந்தி வந்ததும், மூத்த மகளான ஷிகே, துக்க உடையையும் எடுத்துக்கொண்டு போவோம் என்று அண்ணனிடம் சொல்லும் காட்சியில் எனக்கு உள்ளம் கொதித்தது. தாய் கண்மூடியதும் எல்லோருக்கும் முன்னே கதறுபவளும் அவள்தான். ஈமக்கடன் முடிந்த விருந்திலே, அம்மாவின் இன்ன கிமோனோவை எனக்கு ஞாபகார்த்தமாகக் கொடு என்று தங்கையிடம் கேட்பவளும் அவள்தான். ஹருகோ சுகிமுரா என்னும் நடிகை அந்தப் பாத்திரத்தில் ஒரு துளி மிகையும் இல்லாமல் வாழ்ந்திருக்கிறார். திரும்பி வரும் வழியில் நான் ஷிகேயைப் பற்றிக் கடுமையாகச் சொன்னேன். அம்மையார் சிறிது நேரம் பேசாமல் நடந்துவிட்டுச் சொன்னார்: “அவள் கடையை மூடினால் அன்றைய வரும்படி போயிற்று. துக்க உடை எடுத்துப் போனாளே, அது அன்பில்லாதவள் செய்கிற காரியமா? வருகிறவர்களுக்கு முன்னே யாராவது முறைப்படி உடுத்திக்கொண்டு நிற்கவேண்டாமா? என் மூத்த மகள் அப்படித்தான் செய்வாள். செய்யவேண்டும் என்றுதான் நான் அவளை வளர்த்தேன்.” நொரிக்கோவைப் பற்றிக் கேட்டேன். “தங்கமான பெண். ஆனால் அவளுக்கென்று குடும்பம் இல்லையே, ஐயா, அதனால்தான் அவளுக்குப் பொழுது இருக்கிறது” என்றார்.

பிற்பாடு பல தடவை அப்படத்தைப் பார்த்திருக்கிறேன். அம்மையாரின் கட்சிக்கு அதிலேயே சாட்சி இருக்கிறது. அண்ணனும் அக்காளும் சுயநலக்காரர்கள் என்று கடைசித் தங்கை கியோகோ சீறும்போது, பிள்ளைகளுக்கென்று தனி வாழ்க்கை ஏற்படுவது இயல்பு என்றும், விரும்பாவிட்டாலும் தானும் அப்படித்தான் ஆவேன் என்றும் சமாதானம் சொல்பவள் நொரிக்கோவே. அப்படியானால் வாழ்க்கை ஏமாற்றம்தானா என்று அந்தப் பெண் கேட்க, ஆம் என்கிறாள், முகம் மலர்ந்து. செட்சுகோ ஹாராவின் அந்த முறுவலை அகுதாகவாவின் பேராசிரியர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று பலமுறை எண்ணியதுண்டு. ஆனால் ஓசு அத்தோடு நிற்கவில்லை. தன்னை நல்லவள் என்று பாராட்டும் மாமனாரிடம், தான் அவ்வளவு நல்லவள் அல்ல என்றும், இறந்த கணவனை நினையாமலே கழியும் நாட்கள் உண்டு என்றும் ஒப்புக்கொண்டு, அவள் முகத்தை மூடி அழுகிறாள். முறுவல் உண்மை, அழுகை உண்மை. ஒன்றை மற்றொன்றின் முகமூடி என்று சொல்ல ஓசு இடம் கொடுக்கவில்லை. அகுதாகவாவின் சந்தேகத்துக்கு எனக்குக் கிடைத்த மிக நேர்மையான விடை இதுவே.

ஊர் திரும்புமுன் ஒனொமிச்சிக்குப் போய்வந்தேன். மலைச் சரிவில் அடுக்கடுக்காய் வீடுகளும் கோவில்களும், கீழே இருப்புப்பாதை, அதற்கப்பால், ஆறு என்று மயங்கும்படி ஒடுங்கிய கடற்கால், எதிரே தீவும் கப்பல் பட்டறைகளும். மனைவி இறந்த விடியற்காலையில், உறவினரை விட்டு விலகி வந்து முதியவர் நிற்கும் ஜோதோஜி ஆலயத்து முற்றத்தில் நானும் நின்றேன். தேடி வந்த நொரிக்கோவிடம் அவர் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. சூரியோதயம் அழகாயிருந்தது என்றும், இன்றைக்கும் வெயில் கடுமையாயிருக்கும் என்றும் மட்டும் சொல்கிறார். அந்த வேடத்தைத் தாங்கிய சிஷூ ர்யூவுக்கு அப்போது ஐம்பது வயதுகூட நிரம்பவில்லை.

ஓசுவின் வாழ்க்கையில் நம்மவரைத் தொடும் ஓர் அத்தியாயமும் உண்டு. இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றி ஒரு படம் எடுப்பதற்காக 1943-இல் அவர் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பெருந்திரளாகச் சேர்ந்த படை அது. அந்தப் படம் முடிவு பெறவில்லை. கைப்பற்றப்பட்ட அமெரிக்கப் படங்களை அங்கே இருந்த நாட்களில் அவர் ஏராளமாகப் பார்த்தார். ‘சிட்டிசன் கேன்’ அவற்றுள் ஒன்று. சென்னையில் குண்டு விழுந்த அதே வருஷத்தில், பிற்காலத்தில் என்னை இவ்வளவு ஆட்கொள்ளப்போகும் கலைஞர் நம் மக்கள் நடுவே நடமாடிக்கொண்டிருந்தார் என்பதை எண்ணும்போதெல்லாம் சரித்திரத்தின் போக்கு எனக்கு அதிசயமாகத் தோன்றும். மணம் புரியாமல் தாயுடனே வாழ்ந்த ஓசு, தாய் இறந்த மறுவருஷம், தம் அறுபதாவது பிறந்த நாளன்றே, 1963 டிசம்பர் 12-ஆம் தேதி காலமானார்.

அடக்கமும் மரியாதையும் ஓசுவின் உலகில் பெரும்பாலும் கருணையின் வடிவங்கள். மசாக்கி கோபயாஷியின் உலகிலோ அவை கொலைக் கருவிகள். கட்டாய ராணுவ சேவையில் மஞ்சூரியாவுக்கு அனுப்பப்பட்டு, பதவி உயர்வை மறுத்து, கடைசிவரை சாதாரணச் சிப்பாயாகவே இருந்தவர் அவர். 1962-இல் அவர் எடுத்த ‘ஹராகிரி’யில், வறுமையால் வாளை விற்று மூங்கில் அலகை உறையில் வைத்திருந்த ஓர் இளைஞனை, சாமுராய் தர்மத்தின் பெயரால், அந்த மூங்கிலைக் கொண்டே வயிற்றைக் கிழித்துக்கொள்ளும்படி இயி குலத்தார் நிர்ப்பந்திக்கிறார்கள். நியாயம் கேட்டு வரும் அவன் மாமனார், அந்த மாளிகையில் தெய்வமாகப் பூஜிக்கப்படும் மூதாதையரின் கவசத்தை இறுதியில் தூக்கித் தரையில் எறிகிறார். உள்ளே ஒன்றுமில்லாத வெறுங்கூடு அது. மறுபடியும் அந்தக் கவசம் பழைய பீடத்தில் அமர்த்தப்படுகிறது. நடந்தது நடந்தபடி குலத்தின் நாட்குறிப்பில் இடம் பெறுவதில்லை. சாமுராய் என்றதும் உள்ளம் கிளர்ந்து ஜப்பானை விரும்பத் தொடங்கும் நம் இளைஞர்களுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது இந்தப் படத்தைத்தான்.

பெண்களின் துயரத்தை இவ்விருவருக்கும் மேலாக அறிந்தவர் கெஞ்ஜி மிசோகுச்சி. ‘ஓஹாருவின் வாழ்க்கை’ (1952) ஒன்றே போதும்: அரண்மனையில் தொடங்கித் தெருவில் முடியும் ஒரு பெண்ணின் வீழ்ச்சியில், அவளைத் தள்ளிவிடும் ஒவ்வொரு கையும் ஆசாரத்தின் கையாகவே இருக்கிறது. அவரைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.

முதுமையில், ஹிரோகசு கொரே-எடாவின் ‘ஸ்டில் வாக்கிங்’ (2008) என்ற படத்தைக் காண நேர்ந்தது. நீரில் மூழ்கிய ஒரு சிறுவனைக் காப்பாற்றப் போய் மூத்த மகன் உயிர் துறந்துவிட்டான். ஒவ்வொரு வருஷமும் அவன் நினைவு நாளில், காப்பாற்றப்பட்ட அந்தச் சிறுவன், இப்போது பருத்து வியர்த்து நல்ல உத்தியோகமும் கிட்டாத வாலிபன், அந்த வீட்டுக்கு வந்து தூபமிட்டு வணங்குகிறான். தாய் அவனை மிகுந்த உபசாரத்துடன் வரவேற்று, அடுத்த வருஷமும் அவசியம் வரவேண்டும் என்று வற்புறுத்தி அனுப்புகிறாள். இனி அவனை விட்டுவிடலாமே என்று இரவில் இளைய மகன் சொல்லும்போது, பின்னல் வேலையிலிருந்து கையை எடுக்காமலே, அவன் வருஷத்துக்கு ஒருநாளாவது வேதனைப்படட்டும் என்பதற்காகத்தான் கூப்பிடுகிறேன், வெறுப்பதற்கு ஓர் ஆள் இல்லாமற்போனால் என் துன்பம் இன்னும் கொடியதாகிவிடும் என்று அமைதியாகச் சொல்கிறாள். கிரின் கிகி என்னும் மாபெரும் நடிகையின் கைகள் அந்த நூலைப் பின்னும் வேகம் மாறுவதே இல்லை. அகுதாகவாவின் தாயிடம் மேசைக்கடியில் மறைந்திருந்த கைகள் இவளிடத்தில் விளக்கின் வெளிச்சத்திலேயே இருக்கின்றன. அந்த வாலிபன் அவள் உள்ளத்தை அறிவானா என்பதைக் குறித்து நண்பர்களுடன் நீண்ட நேரம் விவாதித்திருக்கிறேன். அறியமாட்டான் என்பது அவர்கள் கட்சி. மரத்துப்போன கால்களுடன் தடுமாறி எழுந்து, குனிந்து குனிந்து வணங்கி அவன் விடைபெறும் விதத்தைப் பார்த்தால், அவன் எல்லாவற்றையும் அறிந்தே வருகிறான் என்றும், தாயின் கோபத்தை ஏற்றுக்கொள்வதைத் தன் கடனாகக் கருதுகிறான் என்றும் எனக்குத் தோன்றுகிறது.